சாமியைச் சுமந்தவர்கள்

1755ஆம் வருஷம் மதுரைக்கு வடகிழக்கே ஒரு கோயிலின் கதவை வைக்கோல் கட்டு வைத்துக் கொளுத்தினார்கள். முதல் பந்தத்தைத் தன் கையாலேயே எடுத்துப்போனவர் கும்பினிப் படையின் கர்னல் ஹெரான். இரண்டாவது பந்தம் யூசுப்கானுடையது. மருதநாயகம் என்று இன்று நாம் சொல்கிறோமே, அவரேதான். கதவு எரிந்தது, படை உள்ளே நுழைந்தது, உள்ளே இருந்தவர்களில் பலர் வெட்டுப்பட்டார்கள். பிறகு அங்கிருந்த சிறு உலோக விக்கிரகங்களை மூட்டை கட்டினார்கள். ஆங்கிலேய ஆவணங்களில் கோயில்குடி என்று வரும் இந்த இடம் திருமோகூர் கோயில்தான் என்பது வரலாற்றாளர் பலரும் ஒத்துக்கொண்ட செய்தி. மாட்டுத்தாவணியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாம். நானும் அப்படித்தான் ஒரு நாள் போய் வந்தேன். கோயிலில் காலை, யூசுப்கான் அடங்கியிருக்கும் சம்மட்டிபுரத்தில் மாலை.

இந்தச் சண்டையைப் பற்றி எழுதியவர்கள் நிறையப்பேர். கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதினார். மதுரை மாவட்டக் கையேடு எழுதிய நெல்சன் எழுதினார். இன்று சாதிச் சங்க மலர்களில் ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். எல்லாரும் கதவைக் கொளுத்தியவனையும் சாமியை மீட்டவனையும் எழுதினார்கள். நான் தேடிப்போனது மூட்டையைத் தூக்கினவனை.

மாட்டுத்தாவணி என்றால் மாடுகளைக் கட்டி விற்கும் இடம். இப்போது பேருந்துகள் நிற்கின்றன. தென் மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் இங்கிருந்து வண்டி உண்டு. எல்லா வண்டியிலும் ஒரே பெயர்தான்: தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். பழைய ஆட்களுக்குத் தெரியும், முன்னே அப்படி இல்லை. மதுரை வண்டி பாண்டியன், காரைக்குடி வண்டி மருதுபாண்டியர், நெல்லை வண்டி கட்டபொம்மன். அந்த வண்டிகளில் ஏறுவதற்கு யாருக்கும் கூச்சமிருந்ததில்லை. 1997இல் விருதுநகர் மாவட்டத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகத்தை அரசு அறிவித்தது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி. 1799இல் வெள்ளையனின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்க்கப் போய்த் தன்னையே மாய்த்துக்கொண்டவர் என்று மக்கள் சொல்லும் வீரன். பள்ளர் சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதின வண்டியில் ஏறமாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். கல் எறிந்தார்கள், தென் மாவட்டங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களின் பெயரையும், மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயர்களையும் சேர்த்தே எடுத்துவிட்டது. ஒரு பள்ளனின் பெயரை வண்டியில் பார்ப்பதைவிடப் பாண்டியனையே இழந்துவிடலாம் என்று தீர்ந்துபோனது. வெள்ளையனை எதிர்த்துச் செத்தாலும் எந்தத் தெருவில் பிறந்தவன் செத்தான் என்று பார்க்கிற ஊர் இது. இதை மனசில் வைத்துக்கொண்டால்தான் 1755ஐப் படிக்க முடியும்.

அதே 1997, ஜூன் 30. மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு மேலூர் வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டினார்கள். ஆறு பேர். ஊராட்சியைத் தனித் தொகுதியாக்கியது குற்றம், அதில் ஒருவர் நின்று ஜெயித்தது அதைவிடப் பெரிய குற்றம். நான் மேலூர் மார்க்கத்தில் வண்டி ஏறும்போதெல்லாம் இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

ஒத்தக்கடை வரைக்கும் இடதுபக்கம் யானைமலை கூடவே வருகிறது. சமணர் தங்கிய மலை, அடிவாரத்தில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை நரசிங்கம். அங்கிருந்து பிரிந்தால் வயலும் கண்மாயுமாகத் திருமோகூர். சங்கப் பாட்டுகளில் வரும் மோகூர் இதுதான் என்பார்கள். மோகூர்ப் பழையன் என்ற குறுநில மன்னனின் காவல்மரமான வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டிப்போட்டதாகப் பதிற்றுப்பத்து சொல்கிறது. ஆக இந்த ஊருக்குச் சண்டை புதிசில்லை. மரத்தை வெட்டினவன் பெயரும் மரத்துக்குச் சொந்தக்காரன் பெயரும் இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது. வெட்டின மரத்தை வண்டி பூட்டி இழுத்துப்போனவர்களுக்குப் பெயர் கிடையாது. அப்போதிருந்தே இந்தக் கணக்கு இப்படித்தான் எழுதப்படுகிறது.

காளமேகப் பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. நம்மாழ்வார் பாடியது. சனிக்கிழமை சக்கரத்தாழ்வாருக்குக் கூட்டம் நெரிகிறது. மண்டபத்தில் மருது சகோதரர்களின் ஆளுயரச் சிலைகள் கைகூப்பி நிற்கின்றன. பட்டர் தலபுராணம் சொன்னார்: பாற்கடல் கடைந்தது, அமுதம் பங்கிட்டது, பெருமாள் மோகினியானது. தேவர்க்கு அமுதம் கிடைத்த கதை, அசுரர்க்கு ஏன் கிடைக்கவில்லை என்கிற கதை. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பந்தியில் உட்கார்ந்தும் இலை போடாமல் விடப்பட்டவர்கள் கதை நமக்குத் தெரியாததா என்ன! வைக்கோல் வைத்துக் கொளுத்தின கதவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. புராணத்தில் கும்பினிக்கு இடமில்லை.

1755 கதை கோயிலுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் கிடைத்தது. எழுபது வயதிருக்கும் பெரியவர், நல்ல வெள்ளை வேட்டி. முதலில் என்னை விசாரித்தார்.

“எந்த ஊருப்பா?”

“மேலூர்ப் பக்கம்ங்கய்யா.”

“மேலூர்ல எங்க?”

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அது போதவில்லை. “அங்கன யாரு வீடு?” என்றார். நம்மில் எவருக்கும் இந்த மூன்று கேள்விகளின் வரிசை தெரியும். நான் சொன்ன பதிலில் அவருக்கு விளங்கியது. முகம் ஒன்றும் மாறவில்லை, ஆனால் பெஞ்சில் நான் உட்கார இடம்விட்டு நகர்ந்தவர் நகர்ந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு சாண் நகர்ந்தார். பிறகு கதையைச் சொன்னார், நன்றாகவே சொன்னார்.

“வெள்ளக்காரன் எங்க சாமியத் தூக்கிட்டுப் போயிட்டான். திருநெல்வேலி வரைக்கும் கொண்டுக்கிட்டே அலைஞ்சிருக்கான். திரும்பி நத்தம் கணவாயில வர்றப்ப நம்ம ஆளுக மறிச்சு விட்டாகளே வெட்டு! சாமீ சாமீன்னு கத்திக்கிட்டே வாரி எடுத்துட்டு வந்திட்டாக.”

ஓர்ம் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். இருநூற்றைம்பது வருஷத்துக்கு அப்புறமும் ஒரு வாய்மொழி இத்தனை துல்லியமாக நிற்கிறது என்றால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆவணத்தில் உள்ளதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆற்காட்டு நவாபு முகமது அலிக்கு மதுரையிலும் நெல்லையிலும் வரி வசூலாகவில்லை. வசூலித்துக் கொடுக்கக் கும்பினி ஆள் அனுப்பியது. 1755 பிப்ரவரியில் ஏறத்தாழ 500 ஐரோப்பியர், 2000 சிப்பாய்களோடு ஹெரான் திருச்சியிலிருந்து கிளம்பினார். நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் உடன் வந்தார். மதுரைக் கோட்டை சண்டையில்லாமல் கிடைத்தது. அங்கே அதிகாரம் செய்துகொண்டிருந்தவர் தப்பி ஓடி இந்தக் கோயிலுக்குள் புகுந்தார். அந்தக் காலத்தில் மதில் வைத்த பெரிய கோயில் எல்லாம் கோட்டைதான். ஏணிகள் வரவில்லை, பொறுமையும் இல்லை, அதனால் வைக்கோல். விக்கிரகங்களை எடுத்தது பக்தியாலோ பகையாலோ அல்ல. திருப்பிக் கொடுக்க விலை வைத்தார்கள். விலை படியவில்லை. ஆகவே மூட்டையோடு மூட்டையாகத் தெற்கே போயின. போன வழியில் நெற்கோட்டை என்ற சிறு கோட்டை. அங்கே ஆண், பெண், குழந்தை என்று இருந்த 400 பேரில் உயிர் மிஞ்சியது ஆறு பேர் என்று கும்பினிக்காரரே எழுதிவைத்திருக்கிறார். புலித்தேவனின் நெற்கட்டும்செவலில் மட்டும் ஹெரானின் ஜம்பம் சாயவில்லை. மே மாத இறுதியில் படை திருச்சிக்குத் திரும்பியது. நத்தம் கணவாயில் காடு நெருக்கமானது, பாதை குறுகலானது. ஒரு வண்டி சேற்றில் அழுந்த, பின்வரிசை நின்றுபோனது. அங்கேதான் கள்ளர்கள் பாய்ந்தார்கள்.

ஹெரானைப் பிறகு சென்னையில் விசாரித்துப் பதவி நீக்கினார்கள். சாமியைத் தூக்கினதற்கு அல்ல, நெற்கோட்டைக் குழந்தைகளுக்கும் அல்ல. பணம் வாங்கிக்கொண்டு கும்பினியின் வருமானத்தில் கைவைத்ததற்கு.

இனி, நமக்கான இடம். பாய்ந்தவர்கள் பாய்ந்தது எங்கே? முன்னே போன வெள்ளைப் பட்டாளத்தின்மேல் அல்ல. அடி விழுந்தது மூட்டைமுடிச்சு வரிசையின்மேல். மாட்டு வண்டிக்காரர்கள், சுமை கூலிகள், குதிரைக்குப் புல் அறுப்பவர்கள், சமையற்காரர்கள், பட்டாளத்தோடு குடும்பமாக நடந்த பெண்கள், பிள்ளைகள். பெண், குழந்தை என்று பார்க்காமல் குத்தினார்கள் என்கிறார் ஓர்ம். அவர் கும்பினியின் ஆள், எதிரியைக் காட்டுமிராண்டி என்று எழுதுவதில் அவருக்கு லாபம் இருக்கிறது, அதையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஆனால் நெற்கோட்டையில் தன் பக்கத்து ஆட்கள் செய்ததையும் அதே பேனாவால்தான் எழுதினார். ஒன்றை நம்பி மற்றதைத் தள்ள என்னால் முடியவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு படை நடந்தால் சண்டை போடுகிறவன் ஒருவனுக்குச் சுமக்கிறவர்கள் பல பேர். இந்தச் சமவெளியில் சுமை தூக்குகிற வேலை, செத்த மாட்டைத் தோலுரிக்கிற வேலை, லாயத்துச் சாணி அள்ளுகிற வேலை எந்தத் தெருவுக்கு என்று கேட்க ஆராய்ச்சி வேண்டுமா? சிப்பாய்களிலும் நம்மவர்கள் உண்டு. சென்னைப் பட்டாளத்தில் பறையர்கள் சேர்ந்ததும், பின்னாளில் சுரங்கப் படையிலும் பாதை வெட்டும் படையிலும் பேர் எடுத்ததும் தெரிந்த செய்தி. பிளாசியில் கிளைவோடு நின்றவர்கள் துசாத்துகள், கோரேகானில் நின்றவர்கள் மகர்கள், இருவரும் தீண்டப்படாதவர்கள் என்று அம்பேத்கர் எழுதினார். அதை அவர் பெருமையாக மட்டும் எழுதவில்லை. வெள்ளையன் இந்த நாட்டைப் பிடிக்க ஏணியாக நின்றவர்களுக்கு வெள்ளையன் என்ன செய்தான் என்று வழக்குப் போடத்தான் எழுதினார். காரியம் முடிந்ததும், வீர இனம் என்றொரு கொள்கையைக் கண்டுபிடித்து 1890களில் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். அம்பேத்கரின் தகப்பனார் சுபேதாராக இருந்தவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கதவுக்குத் திரும்பிப் பாருங்கள். 1755இல் ஒரு பறையனோ பள்ளனோ சக்கிலியனோ அந்தக் கதவு வழியாக உள்ளே போயிருக்க முடியுமா? சாதாரண நாளில் தெருவுக்குள்ளேயே வரமுடியாது. கதவு எரிந்த அன்றைக்கு மட்டும் முடியும். சிப்பாய்ச் சட்டையிலோ, சுமைகூலியாகவோ. தொட்டால் தீட்டு என்ற சாமியைத் துணியில் கட்டித் தலையில் தூக்கியிருக்கவும் முடியும். அந்தச் சாமியோடு நெல்லைச் சீமை முழுக்க வெயிலில் நடந்து, நத்தம் காட்டில் அந்த மூட்டைக்காகவே குத்துப்பட்டுச் சாகவும் முடியும். இது என் ஊகம்தான், ஊகம் என்றே எழுதுகிறேன். ஆனால் படைகளின் பின்வரிசை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர் யாரும் இதை நடக்காத காரியம் என்று சொல்லிவிட முடியாது.

பெரியவரிடம் இதைத்தான் கேட்டேன்.

“அய்யா, சாமியத் தூக்கிட்டுப் போனது யாரு?”

“வெள்ளக்காரன்தான்.”

“அவன் கையாலயா தூக்குனான்?”

கொஞ்சம் யோசித்தார். “கூலியாளு தூக்கியிருப்பான்.”

“அந்தக் கூலியாள என்ன செஞ்சாக?”

“சண்டையில அதெல்லாம் பாத்துக்கிட்டு நிக்க முடியுமாப்பா?” என்றார். குரலில் கோபமில்லை. உண்மையிலேயே இந்தக் கேள்வி அவருக்கு முன்னே வந்ததில்லை என்று தோன்றியது. டீக்குக் காசை அவரே கொடுத்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கள்ளர்களின் எதிர்ப்பைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமில்லை. வரி கொடுக்கமாட்டோம் என்றதற்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1760களில் ரம்லி என்ற தளபதி மேலூர் நாட்டில் ஊர் ஊராகக் கொளுத்தினான், ஆயிரக்கணக்கில் கொன்றான். பிறகு குற்றப்பரம்பரைச் சட்டம் வந்து, ராத்திரி காவல் நிலையத்தில் படுக்கவைத்தது. ஆதிக்கத்தால் அடிபட்ட ஒரு கூட்டம் தனக்குக் கீழே இன்னொரு கூட்டத்தை வைத்துக்கொண்டு, அதன்மேல் நின்றே தன் வீரத்தைச் சொல்கிறது. நத்தம் மலையும் மேலவளவும் ஒரே சுற்றுவட்டாரம்தான். கணவாயில் மறித்ததைப் பாட்டாக்கிய அதே நிலத்தில்தான் 1997இல் பேருந்தை மறித்தார்கள். முதலாவதை வீரம் என்று எழுதுகிற வரலாற்றுப் புத்தகம் இரண்டாவதை எங்கே வைக்கும்?

என் அப்பத்தா திருமோகூர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறது. கோயிலுக்கு என்று சொல்லாது, “தேருக்குப் போனோம்” என்றுதான் சொல்லும். வயற்காட்டு வரப்பில் நின்று பார்த்திருக்கிறார்கள். “சாமி வெளிய வந்தாத்தான் நமக்குச் சாமி” என்று அது சொன்ன சொல் என் காதில் இருக்கிறது. உள்ளே இருக்கும்வரை அது அவர்களுடையது. தெருவுக்கு வந்து வெயிலில் வேர்த்தால்தான் நம் கண்ணுக்கும் கொஞ்சம்.

உள்ளே போனது 1939இல். ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் ஆறு பேரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். ஐந்து பேர் தாழ்த்தப்பட்டோர், ஒருவர் விருதுநகர் நாடார். ஐவரில் ஒருவர் கக்கன், மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக்காரர், பின்னாளில் காமராசர் அமைச்சரவையில் இருந்தவர். அழைத்துக்கொண்டு போனவர் பெயர் பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. போனவர்களில் கக்கன் பெயரைத் தவிர மற்றவர் பெயரைக் கேட்டால் வாத்தியார்களுக்கே தெரிவதில்லை: முத்து, சின்னையா, முருகானந்தம், பூவலிங்கம். அன்றைக்குக் கோயிலைத் தீட்டு என்று பூட்டினவர்களும், பூசை செய்யமாட்டோம் என்று ஒதுங்கினவர்களும் இருந்தார்கள். நுழைந்தவர்கள்மேல் வழக்கு வராமல் காக்க ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போடவேண்டியிருந்தது. எல்லாக் கோயிலுக்குமான நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. கதவு ஒரு முறை எரிந்தும், ஒரு முறை சட்டத்தாலும் திறந்திருக்கிறது. தானாகத் திறந்ததாக எனக்குத் தெரிந்து ஒரு ஊரிலும் இல்லை.

மத்தியானம் நகருக்குள் திரும்பினேன். மதுரைக் கோட்டை இப்போது தெருப் பெயர்களில்தான் இருக்கிறது. மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஆட்சியர் பிளாக்பர்ன் வெளிவீதிகளை அமைத்தார். பெரியார் நிலையத்துப் பக்கம் ஒரு துண்டு மிச்சம், அவ்வளவுதான். அந்தக் கோட்டையை 1763லும் 1764லும் கும்பினிக்கு எதிராகக் காத்தவர், ஒன்பது வருஷத்துக்கு முன் கும்பினிக்காகக் கோயில் கதவுக்குப் பந்தம் பிடித்த அதே யூசுப்கான். பீரங்கியால் பிடிக்க முடியாத கோட்டையைக் கூட இருந்தவர்களை வைத்துப் பிடித்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். உடம்பைத் துண்டாக்கித் தலையை ஒரு ஊருக்கும் கைகால்களை வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள். எஞ்சிய உடம்பு சம்மட்டிபுரத்தில். 1808இல் அதன்மேல் சின்னதாக ஒரு கட்டடம் எழுந்தது. கான்சாகிப் பள்ளிவாசல் என்கிறார்கள்.

இந்த மனிதருக்கும் 1997 ஒரு முக்கியமான வருஷம்தான். அந்த அக்டோபரில் எலிசபெத் ராணியை வைத்துச் சென்னையில் மருதநாயகம் படத்துக்குத் தொடக்க விழா நடத்தினார்கள். யாருடைய கும்பினி தூக்கிலிட்டதோ அந்த நாட்டு ராணியே விளக்கேற்றியது போல. படம் வரவில்லை. சுந்தரலிங்கம் வண்டியும் ஓடவில்லை. அவரைப் பிள்ளைமார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு பக்கமும், இஸ்லாமியர் என்று இன்னொரு பக்கமும் உரிமை கொண்டாடுகிறார்கள். உரிமை கொண்டாட ஆள் இருப்பதே ஒரு சொத்துத்தான். நத்தத்தில் செத்தவர்களுக்கு அது இல்லை. ஓர்ம் பட்டாளத்தை எண்ணுகிறார், குதிரையை எண்ணுகிறார். பெண்கள், குழந்தைகள் என்று வருகிற இடத்தில் எண் வருவதில்லை. இப்போது மதுரையிலிருந்து நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாலமே போட்டுவிட்டார்கள், 2023இல் திறந்தார்கள். அந்த வழியாகத் திருச்சிக்குப் போகிறவர்கள் கணவாய் வந்ததையே அறியாமல் கடந்துபோகிறார்கள்.

சம்மட்டிபுரத்தில் கூட்டமில்லை. பச்சைத் துணி, ஊதுபத்தி, வாடின மல்லிகை. வாசலோரம் நிழலில் ஒரு அம்மா மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தது. பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம், ஓதிக் கயிறு கட்ட வந்ததாம். “இங்க அடங்கியிருக்கிறது யாருன்னு தெரியுமாக்கா?” என்றேன்.

“யாரோ கான்சாகிபாம். வெள்ளக்காரன் கொன்னுபுட்டானாம். நமக்கென்ன தெரியுது தம்பி.” பிள்ளையின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப்பார்த்தது. “இங்கன வந்தா யாரு வீடுன்னு கேக்க மாட்டாக. அதேன் வாரது.”